ஹெரால்டுக்கு எந்த நம்பர் பிளேட்? கறுப்பா, வெள்ளையா, விண்டேஜ் பதிவா?

பாளை ஹெரால்டு:
அனைவருக்கும் வணக்கம். சித்தப்பாவிடமிருந்து எனக்கு வந்த 1967 ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் வேலை ஏறத்தாழ முடிந்துவிட்டது. வண்டலூரில் தயாரான இரண்டு கதவு வண்டி. பெயர் மாற்றமும் ஆகிவிட்டது. பதிவெண் ‘எம்எஸ்’ என்று தொடங்கும் பழைய மதராஸ் எண். ஆர்.சி. வரும் மார்ச்சில் முடிகிறது.

பாக்கி நிற்பது நம்பர் பிளேட்தான். இப்போது இருப்பது கறுப்புத் தகரத்தில் கையால் எழுதிய வெள்ளை எண். ஓரம் சுருண்டுவிட்டது. எனாமல் பழுத்து இளமஞ்சளாகிவிட்டது. சாய்த்துப் பிடித்தால் மேல்பூச்சுக்கு அடியில் முன்பு எழுதிய எழுத்தின் விளிம்பு தடித்துத் தெரிகிறது. இதையே வைத்துக்கொள்ளலாமா, வெள்ளைப் பிளேட்டுக்கு மாற வேண்டுமா, இல்லை விண்டேஜ் பதிவுக்கே போய்விடலாமா? அம்மாவைச் சீசனுக்குக் குற்றாலத்துக்கும் அவ்வப்போது திருச்செந்தூருக்கும் இந்த வண்டியில் அழைத்துப் போக வேண்டும் என்பது என் ஆசை. அதையும் மனத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

கல்லிடை கணேசன்:
தம்பி, அந்தத் தகரத்தை எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். அன்றைக்குச் சொந்தக் கார் என்றால் கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து. வெள்ளைப் பிளேட் 2000-களின் தொடக்கத்தில் வந்தது. ஹெரால்டின் குரோம் பம்பருக்குக் கீழே பளபளக்கும் புது பிளேட் ஒன்றை மாட்டினால் வண்டியின் முகமே மாறிவிடும்.

அந்தக் காலத்து நம்பர் எழுத்து ஒரு தனிக் கைத்திறன். நெல்லை டவுனில் பெயின்டர் ஒருவர் எழுதுவதைச் சிறுவயதில் நின்று பார்த்திருக்கிறேன். சாக்பீஸ் தடவிய நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டுவார். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு விழும். பிறகு சுண்டுவிரலைத் தகரத்தில் ஊன்றிக்கொண்டு பிரஷ்ஷை ஒரே இழுப்பில் இறக்குவார். அவர் எழுதும் 3-க்குத் தலை தட்டையாக இருக்கும். இன்று அந்த 3-ஐ எந்த ஸ்டிக்கர் கடையிலும் வாங்க முடியாது. வண்டியில் எல்லாவற்றையும் அசலாக வைத்துவிட்டு இதை மட்டும் மாற்றினால் செய்த வேலைக்கே குறை.

தாமிரபரணி 72:
கணேசன் அண்ணாச்சி சொல்லும் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் கேட்டவர் வண்டியைக் கூடத்தில் நிறுத்திப் பார்க்கப்போவதில்லை, சாலையில் ஓட்டப்போகிறார். சொந்த உபயோக வண்டிக்கு வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து என்பது மத்திய மோட்டார் வாகன விதி 50. எழுத்தின் அளவைச் சொல்வது விதி 51. காருக்கு உயரம் 65 மி.மீ., தடிமன் 10 மி.மீ., இடைவெளி 10 மி.மீ. பழைய கார் என்பதற்காக நிறத்தில் தளர்வு எதுவும் விதி 50-ல் கிடையாது. குறைபாடுள்ள பிளேட்டுக்கு முதல் முறை 500 ரூபாய் அபராதம், மறுபடி பிடிபட்டால் 1,500.

இன்னொன்றும் உண்டு. இன்றைய விதிப்படி கறுப்புப் பிளேட்டில் மஞ்சள் எழுத்து என்றால் தானே ஓட்டிக்கொள்ளும் வாடகைக் கார். உங்கள் எனாமல் பழுத்து மஞ்சளாகிவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் நிற்கும் காவலர் அதை எப்படிப் புரிந்துகொள்வார்?

எண் வேறு, பிளேட் வேறு. எண் என்பது 1967-ல் ஓர் அலுவலகப் பேரேட்டில் ஏறிய பதிவு. போனால் திரும்பாது. பிளேட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

சங்கரன்கோவில் சுப்பு:
இரண்டு பேரும் நிறத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். முதலில் எந்தப் பதிவு என்று முடிவு செய்ய வேண்டும். 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் நிலையில் இருக்க வேண்டும். இந்த ஹெரால்டு இரண்டுக்கும் பொருந்தும். விண்டேஜ் என்று அரசே சான்றிதழ் தருகிறது. ‘விஏ’ என்ற எழுத்துடன் தனி எண் வரும். அதைவிடப் பெருமை என்ன வேண்டும்?

தாமிரபரணி 72:
சுப்பு, நீங்கள் சொல்லும் ‘விஏ’ எண் புதிதாகப் பதிவு செய்யும் வண்டிக்கு உரியது. மாநில எழுத்து, பிறகு விஏ, பிறகு இரண்டு எழுத்து, நான்கு இலக்கம் என்று வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்று அதே விதி சொல்கிறது. ஆகவே விண்டேஜ் பதிவுக்குப் போனாலும் ‘எம்எஸ்’ எண்ணை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் விண்டேஜ் வண்டியை அன்றாட உபயோகத்துக்கோ தொழிலுக்கோ ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், தொழில்நுட்ப ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது ஆகியவற்றுக்கு மட்டும்தான் சாலையில் இறக்கலாம். அம்மாவோடு ஐந்தருவிக்குப் போவது இதில் எந்த வகையில் சேரும்? வழியில் நிறுத்திக் கேட்டால் என்ன பதில் சொல்வார்?

சங்கரன்கோவில் சுப்பு:
ஆண்டுக்கு நான்கைந்து முறை ஓடும் வண்டியை அன்றாட உபயோகம் என்று யார் சொல்வார்கள்? செலவையும் பாருங்கள். விண்டேஜ் பதிவுக்கு முதல் முறை 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் மறுபதிவுக்கு 5,000 மட்டுமே. சாதாரணப் புதுப்பித்தல் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை. 20 ஆண்டு கடந்த காருக்கு 2025 ஆகஸ்டிலிருந்து அந்தக் கட்டணம் 10,000. பசுமை வரி தனி. முதல் பத்து ஆண்டுக்கு இரண்டும் சமம், அதன்பின் விண்டேஜ்தான் லாபம். கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போகிறார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

செங்கோட்டைக்காரன்:
பழைய எண்ணின் அருமை அதை இழந்தவனுக்குத் தெரியும். என் ஃபியட் திருவனந்தபுரத்திலிருந்து ஆரியங்காவு வழியாக வந்தது. ‘கேஎல்’ என்று தொடங்கிய மூன்றெழுத்துப் பழைய எண். வேறு மாநில வண்டி இங்கே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கினால் புதுப் பதிவெண் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 47. வாங்கினேன். இப்போது டிஎன் 76. வண்டியைப் பார்க்க வருகிறவர்கள் எண்ணைப் பார்த்ததும், ‘இது பிறகு கொண்டுவந்ததா?’ என்று கேட்கிறார்கள்.

1989 ஜூலை 1-ல் புதிய சட்டம் வந்து மாவட்டக் குறியீட்டு எண்கள் வந்தபிறகு பிறந்த தலைமுறைக்கு மூன்றெழுத்துப் பதிவு என்றால் என்னவென்றே தெரியவில்லை. எங்கள் ஊரே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. அன்று இங்கே ஓடிய வண்டிகளின் எண் ஒரு ஊரின் வரலாறு. எனக்குக் கறுப்பா வெள்ளையா என்பது இரண்டாம்பட்சம். பாளைத் தம்பி, அந்த எண்ணைப் பத்திரமாகக் காப்பாற்றுங்கள்.

கல்லிடை கணேசன்:
இங்கிலாந்தில் 1980 ஜனவரி 1-க்கு முன் உருவான கார்களுக்குக் கறுப்புப் பிளேட்டைச் சட்டமே அனுமதிக்கிறது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் வண்டி தயாரான ஆண்டின் அசல் பிளேட்டைத் தேடிப் பிடித்து மாட்டலாம். அங்கெல்லாம் பிளேட்டும் வண்டியின் பாகம் என்று அரசுக்குத் தெரிந்திருக்கிறது. நம் ஹெரால்டும் அந்த ஊர் டிரையம்ப் ஹெரால்டின் வாரிசுதானே? அங்கே ஒரு நியாயம், இங்கே ஒரு நியாயமா?

விதி 50 என்ன சொல்கிறது என்று எனக்கும் தெரியும். அந்த விதியை மாற்றச் சொல்லி நாம்தான் கேட்க வேண்டும். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு வெள்ளைக்கு மாறிவிட்டால் பிறகு கேட்பதற்கு யார் இருப்பார்கள்?

தாமிரபரணி 72:
கேட்போம் அண்ணாச்சி. மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. ஆனால் மனு போய்ச் சேர்ந்து விதி மாறும்வரை அபராதமும் அலைச்சலும் இந்தத் தம்பியின் தலையில் விழக் கூடாது.

வள்ளியூர் ஒர்க்‌ஷாப்:
இந்த வண்டியின் எஞ்சினை இறக்கி ஏற்றியவன் நான். கைவேலை செய்கிறவன் என்ற முறையில் சில விஷயங்கள்.

பின்பக்கம் நம்பருக்கு விட்டிருக்கும் இடம் அகலம் குறைவு. 500-க்கு 120 மி.மீ. நீளப் பிளேட் அங்கே உட்காராது. 340-க்கு 200 மி.மீ. இரண்டு வரிப் பிளேட் சரியாக உட்காரும். அதற்கு மேலுள்ள சிறிய விளக்கு எரிய வேண்டும். இரவில் பின் நம்பர் 15 மீட்டர் தூரத்திலிருந்து படிக்கும்படி வெள்ளை வெளிச்சம் விழ வேண்டும் என்பது விதி. பழைய வண்டிக்காரர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். உங்கள் வண்டியில் ஒயர் போட்டுவிட்டேன், பல்புக் கூட்டில் துரு இருக்கிறது. மாற்ற வேண்டும்.

ஹோலோகிராம் பதித்த உயர்பாதுகாப்புப் பிளேட் 2019 ஏப்ரல் 1 முதல் வரும் புது வண்டிகளுக்குக் கட்டாயம். டெல்லி, மகாராஷ்டிரம் போன்ற இடங்களில் பழைய வண்டிகளுக்கும் கேட்கிறார்கள். அதன் பூட்டு ஒரு முறை போட்டால் உடைத்துத்தான் எடுக்க முடியும். பழைய தகட்டில் துளை போடுவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பிராக்கெட் செய்து அதில் மாட்டினால் பாடியில் கை வைக்க வேண்டாம்.

நாங்குநேரி டோல்கேட்டைத் தாண்டுகிறவர்களுக்கு: ஃபாஸ்டேக்கில் உள்ள எண்ணும் பிளேட்டில் உள்ள எண்ணும் ஆர்.சி.யில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வளைந்து நெளிந்த எழுத்தைக் கேமரா படிக்காது.

மேலப்பாளையம் தமிழ்:
நான் கேட்பது வேறு. தமிழிலேயே எழுதினால் என்ன? ‘த.நா.’ என்று போட்டு நம் ஊரில் எத்தனையோ வண்டிகள் ஓடுகின்றன.

தாமிரபரணி 72:
பதிவெண் ஆங்கில எழுத்திலும் அரபு எண்ணிலும்தான் இருக்க வேண்டும் என்கிறது விதி. ஓடுகின்றன என்பதால் சரியாகிவிடாது. இந்த வண்டிக்கோ எண் ‘எம்எஸ்’ என்று தொடங்குகிறது, த.நா. என்று எழுதினால் பதிவெண்ணே மாறிப்போகும். அவருக்கு அந்த வழி வேண்டாம்.

கல்லிடை கணேசன்:
இந்த ஒன்றில் தாமிரபரணியோடு நான் உடன்படுகிறேன். அசல் எண்ணில் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. நிறத்தில் மட்டும் என் கருத்து மாறாது. குற்றாலம் போகிற அன்று வெள்ளை மாட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்வீர்கள். பிளேட்டைக் கழற்றி மாட்டுவதை ஒரு வழக்கமாக்கிவிட்டால் நாளைக்கு யார் வேண்டுமானாலும் எந்த எண்ணையும் மாட்டலாம் என்றாகிவிடாதா?

தாமிரபரணி 72:
நியாயமான கேள்வி. என் பதில் இது: இரண்டு பிளேட்டிலும் ஒரே எண்தான் இருக்கும். சாலையில் இருக்கும்போது வெள்ளை மட்டும். கண்காட்சி மைதானத்துக்குள் நிறுத்தியபிறகு வேண்டுமானால் கறுப்பை எடுத்து மாட்டிக்கொள்ளலாம், கிளம்பும்போது வெள்ளை திரும்பி வந்துவிட வேண்டும். வெறும் தகரத்தில் பழைய எழுத்தை அப்படியே படி எடுத்து எழுதச் சொல்லி, அசலைச் சட்டம் போட்டு வீட்டில் வையுங்கள். வெயிலில் இன்னும் பத்து ஆண்டு நின்றால் அந்தப் பெயின்டரின் கையெழுத்து உரிந்துபோகும். அதைக் காப்பாற்றுவதற்கும் இதுதான் வழி.

சங்கரன்கோவில் சுப்பு:
நான் சொன்னதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. கட்டணம் இன்னும் ஏறினால்?

தாமிரபரணி 72:
ஏறினால் அப்போது விண்டேஜுக்கு மாறலாம், 50 ஆண்டு என்ற தகுதி எங்கேயும் போகாது. ஓட்ட ஆசைப்படுகிறவர் ஓட்ட முடியாத பதிவை இன்றே ஏன் வாங்க வேண்டும்? அவருடைய அம்மாவுக்கு வயது ஏறுகிறது. ஊர்வலத்துக்கு மட்டும் வண்டி எடுக்கிறவர் கேட்டிருந்தால் நானும் உங்கள் பக்கம்தான் பேசியிருப்பேன்.

பாளை ஹெரால்டு:
எல்லோருக்கும் நன்றி. சாதாரணப் புதுப்பித்தல், அதே ‘எம்எஸ்’ எண், சாலைக்கு வெள்ளை என்று முடிவு செய்திருக்கிறேன். சுப்பு அண்ணன் சொன்ன கட்டணக் கணக்கு எனக்கும் உறுத்துகிறது, ஐந்து ஆண்டு கழித்து மறுபடி யோசிப்பேன். கணேசன் அண்ணாச்சி, கறுப்புத் தகரத்தை நீங்கள் சொன்ன மாதிரி எழுத இன்னும் கையால் எழுதும் பெயின்டர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அந்தத் தட்டைத் தலை 3 என் எண்ணிலும் இருக்கிறது.

கல்லிடை கணேசன்:
அம்பாசமுத்திரத்தில் ஒருவர் இருக்கிறார். கடைப் பலகை வேலை குறைந்துவிட்டதால் இப்போது கோயில் வாகனங்களுக்கு வண்ணம் அடிக்கிறார். தகரத்தையும் அசலின் படத்தையும் கொண்டுவாருங்கள், நானே கூட வருகிறேன். வெள்ளையையும் அவரிடமே எழுதி வாங்குங்கள். ஸ்டிக்கர் வேண்டாம்.

தாமிரபரணி 72:
வெள்ளையில் விதி 51 அளவைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள், அலங்கார எழுத்து கூடாது. தம்பி, ஆர்.சி. முடிவதற்கு 60 நாள் இருக்கும்போதிருந்து புதுப்பிக்கும் விண்ணப்பமான படிவம் 25 கொடுக்கலாம். தாமதமானால் காருக்கு மாதம் 500 ரூபாய் கூடுதல். அதற்கு முன் உங்கள் எண் கணினிப் பதிவில் ஏறியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். மூன்றெழுத்து எண்கள் பல இன்னும் காகிதப் பேரேட்டிலேயே கிடக்கின்றன. ஏற்றச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும், அதற்கு நாளாகும். ஆய்வாளர் சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார். முன்பக்கம் முழுவதையும் தூக்கித் திறந்து, அந்த எண்ணின் மேல் பெயின்ட் படிந்திருந்தால் இப்போதே மெல்லச் சுரண்டிவிடுங்கள்.

வள்ளியூர் ஒர்க்‌ஷாப்:
படிந்திருக்கிறது. சுரண்ட வேண்டாம், தின்னர் தொட்ட துணியால் நான் துடைத்துத் தருகிறேன். எண் தேய்ந்தால் அதற்குத் தனியாக ஒரு அலைச்சல். சனிக்கிழமை வண்டியைக் கொண்டுவாருங்கள், பல்புக் கூட்டையும் மாற்றிவிடலாம்.