பெயின்ட் அடித்த உள்பக்கப் பிளாஸ்டிக் உரிகிறது. பானெட்டுக்குள்ளும் கை வைக்கலாமா?

பழையவண்டி:
வணக்கம். என்னிடம் இருப்பது பன்னிரண்டு வருடம் ஓடிய ஹாட்ச்பேக். இன்ஜினில் ஒரு குறையும் இல்லை, உள்ளே ஏறி உட்கார்ந்தால்தான் மனசு விட்டுப்போகிறது. டேஷ்போர்டும் கதவுப் பலகைகளும் ஒரு காலத்தில் வெளிர் சாம்பல், இப்போது என்ன நிறம் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. கியர் லிவரைச் சுற்றி இருக்கும் கன்சோலில் கை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, ஈரத்துணியால் துடைத்தால் துணியின் நூல் அதிலேயே ஒட்டிக்கொள்கிறது.

போன மாதம் ஒரு வேகத்தில் ஜன்னல் சுவிட்ச் உட்காரும் சட்டத்தை மட்டும் கழற்றி, சோப்பு போட்டுக் கழுவி, சாதாரணக் கருப்பு ஸ்ப்ரே கேன் ஒன்றை வாங்கி அடித்தேன். அன்றைக்குப் பார்க்க ஷோரூமில் இருந்து வந்தது போல இருந்தது. மூன்றாவது வாரம் மோதிரம் பட்டு ஒரு கீறல் விழுந்தது, அந்த ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்தேன், பாம்புச் சட்டை மாதிரி ஒரே துண்டாக உரிந்து வந்துவிட்டது. உப்புத்தாள் போடவில்லை, ப்ரைமரும் அடிக்கவில்லை. அதுதான் தப்பா, இல்லை பெயின்டே தப்பா?

அப்புறம் பானெட்டுக்குள் இரண்டு ஆசை. இன்ஜினின் மேல் மூடியான வால்வ் கவரைச் சுருக்கம் விழும் சிவப்பு பெயின்டில் அடிக்க வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கிவிட்டுக் கூம்பு ஃபில்டர் ஒன்றை வைத்து, வீட்டில் கிடக்கும் பிவிசி குழாயை வளைத்து இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக்கை நானே செய்துகொள்ளலாம் என்றும் யோசனை. திருப்புளி, ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், அதற்கு மேல் அனுபவம் இல்லை. திட்டுவதாக இருந்தாலும் காரணத்தோடு திட்டுங்கள்.

உப்புத்தாள்:
பெயின்ட் மேல் பழி போடாதீர்கள், அது ஒட்ட வேண்டிய இடம் ஒட்டவிடாத இடம். கழற்றிய சட்டத்தைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள், இரண்டு அம்புக்குறிக்கு நடுவில் சின்னதாக ஏதாவது அச்சிட்டிருக்கும். ஏபிஎஸ் என்றோ பிசி பிளஸ் ஏபிஎஸ் என்றோ இருந்தால் பாதி வேலை முடிந்தது, அந்த வகைப் பிளாஸ்டிக் பெயின்டைப் பிடிக்கும். பிபி என்று இருந்தால் பாலிபுரொப்பிலீன், அதன் மேல் எதுவுமே ஒட்டாது, தண்ணீர் பட்டால்கூடப் பரவாமல் முத்து முத்தாக நிற்கும். அதற்கு அட்ஹீஷன் புரோமோட்டர் என்று தனி ஸ்ப்ரே இருக்கிறது, மெல்லிசாக ஒன்றிரண்டு தடவை அடித்து, அது முழுசாகக் காய்ந்துபோவதற்கு முன் கேனில் போட்டிருக்கும் நேரத்துக்குள் மேல் பெயின்ட் ஏறிவிட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து வந்து அடித்தால் அதை அடித்ததே வீண்.

நான் என் கதவுப் பலகைகளைச் செய்த வரிசையைச் சொல்கிறேன். முதலில் பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய டூத்பிரஷும். அந்தத் தோல் மாதிரிச் சொரசொரப்பு இருக்கிறதே, அதன் பள்ளங்களில்தான் பத்து வருட டேஷ்போர்டு பாலிஷ் உட்கார்ந்திருக்கும். அதில் இருக்கும் சிலிக்கோன்தான் எமன், கொஞ்சம் மிஞ்சினாலும் பெயின்ட் அந்த இடத்தை விட்டு விலகி வட்ட வட்டமாகக் குழி விழும். காய்ந்த பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணி, துணி கறுப்பாவது நிற்கும் வரை. தின்னரையோ அசிட்டோனையோ தொடாதீர்கள், ஏபிஎஸ் என்றால் மேல்பரப்பு கரைந்து குழம்பாகிவிடும். சொரசொரப்பான பரப்பில் உப்புத்தாள் வேண்டாம், மேடுகளை மட்டும் தேய்த்து மொட்டையாக்கிவிடும், சாம்பல் நிற ஸ்காட்ச்பிரைட் தேய்ப்பு நார் போதும். வழுவழுப்பான சட்டத்துக்கு மட்டும் 600 நம்பர் தாளைத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். பிறகு 20–25 சென்டிமீட்டர் தள்ளி நின்று அடியுங்கள். முதல் கோட் பார்த்தால் "என்ன இது, பாதிகூட மூடவில்லையே" என்று இருக்க வேண்டும், அப்படி இருந்தால்தான் சரியாக அடித்திருக்கிறீர்கள். பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் மூன்று நான்கு மெல்லிய கோட். மழை ஈரம் உள்ள நாளில் அடித்தால் வெள்ளையாகப் பூத்துப்போகும். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள், நான் முதல் கதவை ஒரே கோட்டில் முடிக்கப் பார்த்து, வழிந்து, மொத்தத்தையும் தேய்த்து எடுத்தேன்.

அந்தப் பிசுபிசுப்பு அழுக்கு இல்லை. மெத்தென்று இருக்கட்டும் என்று கம்பெனியில் போட்ட பாலியூரித்தேன் பூச்சு, வெயிலிலும் காற்றின் ஈரத்திலும் சிதைந்து பசையாகிவிட்டது. அதன் மேல் எதை அடித்தாலும் நிற்காது. அதே ஆல்கஹாலை ஊற்றித் துணியால் தேய்த்துத் தேய்த்து முழுசாக எடுங்கள், அடியில் கெட்டியான பிளாஸ்டிக் வரும். ஒரு மாலைப் பொழுது போய்விடும், கை வலிக்கும்.

நிழல்மரம்:
பின்பக்கம் எழுத்து தேய்ந்திருந்தால் ஓரத்தில் ஒரு துணுக்கைச் சீவித் தண்ணீரில் போடுங்கள், மிதந்தால் பிபி, மூழ்கினால் ஏபிஎஸ்.

உப்புத்தாள்:
அதை முழுசாக நம்ப முடியாது. கார் பாகங்களில் வரும் பிபி பல சமயம் டால்க் பொடி கலந்தது, டிடி20 என்று போட்டிருந்தால் 20 சதவீதம். அவ்வளவு டால்க் சேர்ந்தால் பிபியும் மூழ்கிவிடும். மிதந்தால் பிபி என்பது சரி, மூழ்கினால் எதுவும் தெரியாது. சந்தேகம் என்றால் புரோமோட்டர் அடித்துவிட வேண்டியதுதான்.

நிழல்மரம்:
சரி, அது எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. ஸ்டியரிங் நடுவில் இருக்கும் மூடி, டேஷ்போர்டில் பக்கத்து சீட்டுக்கு எதிரே ஏர்பேக் என்று எழுதியிருக்கும் பகுதி, இரண்டிலும் பெயின்ட் வேண்டாம், ஸ்டிக்கர் வேண்டாம், ஒன்றுமே வேண்டாம். அந்த மூடியின் உள்பக்கம் ஒரு கோட்டில் மெல்லிசாக விட்டிருப்பார்கள், பை வெடித்து வரும்போது சரியாக அங்கேதான் கிழிய வேண்டும். பை விரிய ஆகும் நேரம் சுமார் 30 மில்லி வினாடி, அந்த வேகத்தில் பெயின்ட் செதில் உங்கள் கண்ணுக்குத்தான் வரும். கழற்றும்போது மஞ்சள் நிற கனெக்டர் எதைப் பார்த்தாலும் அது ஏர்பேக் லைன். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, மேனுவலில் சொன்ன நேரம் காத்திருந்த பிறகுதான் பக்கத்தில் கையே போக வேண்டும்.

டேஷ்போர்டின் மேல்பக்கத்துக்குப் பளபளப்பு பெயின்ட் அடித்தால் நடுப்பகலில் முன் கண்ணாடி முழுக்க டேஷ்போர்டின் நிழல்தான் தெரியும், மேட் மட்டும் அடியுங்கள். ஸ்டியரிங் வளையத்தை விட்டுவிடுங்கள், கை வியர்வையில் எந்த பெயின்டும் நிற்பதில்லை. என்னைக் கேட்டால் சின்னச் சட்டங்களுக்கு ஸ்டிக்கர் போல ஒட்டும் வினைல் ராப்பே மேல், பிடிக்கவில்லை என்றால் உரித்துப் போட்டுவிடலாம். முடிந்த வரை கழற்றி வெளியே வைத்து அடியுங்கள், காருக்குள்ளேயே பேப்பர் ஒட்டி அடித்த ஒருவரின் வண்டியில் ஏறினேன், சீட் பெல்ட் வரை கருப்புப் புள்ளி.

சூடுகாற்று:
இன்டேக் விஷயத்துக்கு வருகிறேன். தம்பி, தூக்கிப்போட நினைக்கிற அந்தக் கருப்புப் பெட்டியின் வாய் எங்கே போகிறது என்று ஒரு தடவை கைவிட்டுப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஹெட்லைட்டுக்குப் பின்னாலோ மட்கார்டுக்குள்ளோ போய் வெளிக்காற்றை இழுக்கும். நீங்கள் காசு செலவழித்துச் செய்யப்போகும் குளிர்காற்று இன்டேக் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது, பார்க்க அழகாக இல்லை, அவ்வளவுதான். அதை எடுத்துவிட்டுக் கூம்பு ஃபில்டரைத் திறந்தபடி வைத்தால் அது ரேடியேட்டரும், இன்ஜின் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் சூடாக்கிய காற்றைத்தான் குடிக்கும். வெளியே 30 டிகிரி, பானெட்டுக்குள் 60 டிகிரி என்று வையுங்கள், அதே கொள்ளளவில் காற்றின் எடை ஏறக்குறைய 9 சதவீதம் குறைந்துவிடும். சத்தம் மட்டும் கூடும், அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பல பேர் வண்டி பறக்கிறது என்று சொல்கிறார்கள்.

பிவிசி குழாய் கூடவே கூடாது. 80 டிகிரியை ஒட்டி அது இளகிவிடும், நெரிசலில் வண்டி நிற்கும்போது மேனிஃபோல்டு பக்கத்தில் அந்தச் சூடு சர்வ சாதாரணம். இளகிய குழாய் உறிஞ்சலில் நசுங்கும், இல்லையென்றால் ஜாயின்ட் விட்டு வடிகட்டாத தூசி நேராக இன்ஜினுக்குள் போகும். உங்கள் வண்டியில் காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சார் இருந்தால் இன்னொரு தலைவலியும் உண்டு. அது பழைய குழாயின் குறுக்களவை வைத்துக் கணக்குப் போடுகிறது, குழாய் அகலமானால் வந்த காற்றைக் குறைத்துச் சொல்லும், பெட்ரோல் குறைவாக விழும், செக் இன்ஜின் விளக்கு எரியும். எண்ணெய் தடவும் ஃபில்டர் என்றால் அந்த எண்ணெய் சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்து அளவே கெட்டுப்போகும்.

கை சும்மா இருக்கவில்லை என்றால் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, அதற்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் ஒரு வெப்பத் தடுப்பு செய்யுங்கள். ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு போதும். முதலில் அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்து, பானெட்டை மெதுவாக மூடி எங்கே இடிக்கிறது என்று பார்த்த பிறகுதான் தகட்டில் கத்தரி வைக்க வேண்டும். வெட்டிய ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், ரப்பர் பீடிங் போடுங்கள், இல்லையென்றால் ஆறு மாதத்தில் பக்கத்து ஒயரை அறுத்துவிடும். ஏற்கெனவே இருக்கும் போல்ட்டிலேயே மாட்டுங்கள், புதிதாக ஓட்டை போடாதீர்கள்.

கறுத்தகை:
மேலே எல்லாரும் சொன்னது சரி. நான் என் முட்டாள்தனத்தை எழுதுகிறேன், யாருக்காவது உபயோகப்படும்.

பானெட்டுக்குள் துரு பிடிக்க ஆரம்பித்திருந்தது, கையோடு முழுசாக ஒரு பூச்சு அடித்துவிடலாம் என்று பேட்டரி, தட்டு, ஒயர் கட்டு எல்லாவற்றையும் ஒதுக்கி, தேய்த்து, ப்ரைமர், பெயின்ட் என்று இரண்டு நாள் வேலை. கண்ணாடி மாதிரி இருந்தது. எல்லாம் மாட்டிச் சாவியைத் திருப்பினால் டக், டக். பேட்டரி புதுசு. இரண்டாவது தடவை திருப்பும்போது கருகும் வாடை வந்தது, தொட்டுப் பார்த்தால் ஆக்ஸிலரேட்டர் கேபிள் சுடுகிறது. ஐந்து நிமிடம் தலையைச் சொறிந்தேன். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து நண்பனை சாவி திருப்பச் சொன்னால் 4 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது, அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில். பேட்டரி நெகட்டிவுக்கு மின்சாரம் திரும்பும் எர்த் ஒயர் உட்காரும் இடத்திலும் அழகாகப் பெயின்ட் அடித்து, அதன் மேல் போல்ட்டை முறுக்கியிருக்கிறேன். எர்த் கிடைக்காத ஸ்டார்ட்டர் மின்சாரம் மெல்லிசான ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் போக வழி தேடியிருக்கிறது. கழற்றி, ஒரு நாணயம் அளவுக்கு இரும்பு தெரியத் தேய்த்து, முறுக்கி, மேலே வாஸ்லின் தடவியதும் முதல் திருப்பிலேயே பிடித்தது.

அதனால் எர்த் பாயின்ட் ஒவ்வொன்றிலும் அடிக்கும் முன்பே டேப் ஒட்டிவிடுங்கள். சேஸிஸ் நம்பர் அடித்த இடத்தையும் மூடுங்கள். ரேடியேட்டர் பக்கம் போகாதீர்கள், இதழ்கள் மேல் கனமாகப் பூச்சு ஏறினால் சூடு இறங்காது. பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே அடித்த பெயின்ட் ஒரு சொட்டு பிரேக் ஆயிலில் தோல் உரிந்து வரும், அதனால் ஆயில் ஊற்றும்போது துணி போட்டுக்கொள்ளுங்கள்.

வால்வ் கவருக்குச் சுருக்க பெயின்ட் நல்ல யோசனைதான், முதலில் அது அலுமினியமா பிளாஸ்டிக்கா என்று பாருங்கள், புது வண்டிகளில் பாதி பிளாஸ்டிக். அலுமினியம் என்றால் எண்ணெய் போகக் கழுவிச் சூடு காட்டுங்கள், துளைகளில் ஒளிந்திருக்கும் எண்ணெய் திரும்ப வியர்க்கும், மறுபடி துடையுங்கள். எண்ணெய் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் உட்காரும் ஓரத்துக்கு டேப். இந்த ஒரு பெயின்டை மட்டும் கனமாக அடிக்க வேண்டும், முதல் கோட் நீளவாக்கில், ஐந்து நிமிடம் கழித்து குறுக்கே, அடுத்தது சாய்வாக. ஹேர் டிரையரோ ஹீட் கன்னோ காட்டினால் கண் முன்னே சுருங்கும், அதைப் பார்ப்பதற்காகவே செய்யலாம். வீட்டில் சமைக்கும் ஓவனில் வைத்துச் சுடாதீர்கள். மாட்டும்போது புது கேஸ்கெட் போட்டு, மேனுவல் அளவுக்குத்தான் முறுக்க வேண்டும், அந்தச் சின்ன போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் இருக்கும்.

பழையவண்டி:
எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். சட்டத்தின் பின்னால் பிபி டிடி20 என்றே இருந்தது, உப்புத்தாள் அண்ணா சொன்னது அப்படியே. மிச்சம் இருந்த பழைய பெயின்டை உரித்தேன், சும்மாவே வந்துவிட்டது. சோப்பு, ஆல்கஹால், ஸ்காட்ச்பிரைட், புரோமோட்டர், நான்கு கோட் மேட் கருப்பு. ஒரு வாரம் தொடாமல் வைத்துவிட்டு, பின்பக்க மூலையில் பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி டேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பார்த்தேன், டேப்பில் ஒரு பொட்டுகூட வரவில்லை. கன்சோல் பிசுபிசுப்புக்கு இரண்டு மாலையும் அரை லிட்டர் ஆல்கஹாலும் ஆயிற்று.

காற்றுப்பெட்டியின் வாய் ஹெட்லைட்டுக்குப் பின்னால்தான் போகிறது. பிவிசி குழாயைத் தோட்டத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். தகட்டுக்கு அட்டை வெட்டியாயிற்று, மூன்றாவது அட்டைதான் சரியாக வந்தது.

ஒரு சிக்கல். சந்தோஷத்தில் ஏசி பேனலின் பொத்தான்களுக்கும் சேர்த்து அடித்துவிட்டேன். இப்போது ராத்திரி விளக்கு போட்டால் பொத்தானில் படம் எதுவும் தெரியவில்லை. துடைத்து எடுக்க முடியுமா?

உப்புத்தாள்:
முடியாது. அது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மேல் கருப்பு பூசி, லேசரில் படத்தைச் செதுக்கி எடுத்தது. உங்கள் பெயின்டைத் துடைக்கும்போது கம்பெனிக் கருப்பும் சேர்ந்து வரும், அப்புறம் பொத்தான் முழுக்க விளக்கு மாதிரி எரியும். பழைய பாகம் விற்பவர்களிடம் பேனலை மட்டும் தேடுங்கள். கிடைக்கும் வரை எது ஏசி, எது பின் கண்ணாடி ஹீட்டர் என்று மனப்பாடம்தான்.