தாத்தாவின் வால்வு ரேடியோ: பிழைக்குமா, ப்ளூடூத் போர்டு போட்டுவிடலாமா?

கல்லிடைக்காரன்:

கல்லிடைக்குறிச்சியில் ஆச்சி வீட்டை இடித்துக் கட்டப்போகிறோம். மச்சில் கிடந்த சாமான்களை இறக்கும்போது தாத்தாவின் வால்வு ரேடியோ வந்தது. மரக்கூடு நன்றாக இருக்கிறது. முன்பக்கத் துணியை மட்டும் எலி கடித்திருக்கிறது. கூடவே அஞ்சலக முத்திரைகள் குத்திய லைசன்ஸ் புத்தகமும் இருந்தது. ரேடியோ கேட்பதற்கு ஒரு காலத்தில் அரசுக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள் என்று என் மகளை நம்பவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பின் அட்டையைக் கழற்றிப் பார்த்தேன். நான்கு வால்வுகள்: யுசிஎச் 81, யுபிஎஃப் 89, யுசிஎல் 82, யுஒய் 85. எதுவும் உடையவில்லை. ஓர் அலுமினியக் குப்பியின் அடியில் வெள்ளையாக ஏதோ கசிந்து காய்ந்திருக்கிறது. மெயின் ஒயரின் ரப்பர் தொட்டாலே உதிர்கிறது. அதனால் மின்சாரம் கொடுக்கவில்லை.

டவுனில் ஒரு கடையில் காட்டினேன். "உள்ளே எல்லாம் செத்துப்போயிற்று, வால்வு எங்கும் கிடைக்காது, அதையெல்லாம் எடுத்து எறிந்துவிட்டு ப்ளூடூத் போர்டும் புது ஸ்பீக்கரும் போட்டுத் தருகிறேன், 2500 ரூபாய்" என்கிறார். ஆச்சிக்கு அதில் விருப்பம் இல்லை. எனக்கு ஈயம் வைக்கத் தெரியும், மல்டிமீட்டர் இருக்கிறது. மின்விசிறிக்குக் கண்டன்சர் மாற்றிய அளவுதான் அனுபவம். உண்மையிலேயே எல்லாம் செத்துவிட்டதா? பிழைத்தாலும் கேட்பதற்கு நிலையம் ஏதாவது இருக்கிறதா?

தாமிரபரணிக்கரை:

பட்டாசலில் அழகாக வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். மத்திய அலையில் இன்று வருவது இரைச்சல்தான். தெருவுக்கு நூறு எல்இடி விளக்கு, வீட்டுக்கு ஓர் இன்வெர்ட்டர், ஆளுக்கு இரண்டு சார்ஜர். அத்தனையும் ரேடியோவுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஈயப்பற்று:

தம்பி, மின்சாரம் கொடுக்காமல் வைத்திருந்தீர்களே, பாதி ரேடியோ அதிலேயே பிழைத்துவிட்டது.

கடைக்காரர் சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு. உள்ளே செத்தவை இருக்கின்றன. ஆனால் பழியை வால்வின் மேல் போடுவது அநியாயம். பாளையங்கோட்டையில் நான் கடை வைத்திருந்த காலத்திலேயே வால்வு போய் மேசைக்கு வந்த செட்டு குறைவு, கண்டன்சர் போய் வந்ததுதான் அதிகம். வால்வு கண்ணாடிக்குள் காற்றில்லாமல் இருக்கிறது. எரியவிடாத வரை அதற்குத் தேய்மானம் இல்லை. கண்டன்சருக்குள் இருப்பதோ மெழுகுத் தாளும் ஈரக் கலவையும். சும்மா கிடந்தாலே கெட்டுப்போகிற சரக்கு அது. உங்கள் குப்பியின் அடியில் காய்ந்து கிடப்பது அந்தக் கலவைதான்.

வால்வைச் சோதிப்பது எளிது. உச்சியில் கண்ணாடியின் உட்புறம் வெள்ளி பூசியதுபோல் ஒரு மினுமினுப்பு இருக்கும். அது கறுப்போ வெள்ளியோ பழுப்போ, எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. பால்போல் வெளுத்திருந்தால்தான் காற்று புகுந்துவிட்டது என்று பொருள். அடுத்து மல்டிமீட்டரை ஓமில் வைத்து 4ஆவது கம்பிக்கும் 5ஆவது கம்பிக்கும் நடுவே பாருங்கள். உங்கள் நான்கு வால்வுக்கும் ஹீட்டர், அதாவது உள்ளே சூடேறும் இழை, அந்த இரண்டு கம்பிகளில்தான். அடிப்பக்கம் பார்த்துப் பிடித்து, கம்பிகளுக்கு நடுவே உள்ள பெரிய இடைவெளியிலிருந்து கடிகார முள் போகும் திசையில் எண்ணவேண்டும்.

'யு' என்று தொடங்கும் வால்வுகளுக்கெல்லாம் ஹீட்டர் மின்னோட்டம் 100 மில்லி ஆம்பியர். அதனால் நான்கையும் ஒரே தொடராகக் கோத்திருப்பார்கள். கோயில் கொடைக்குக் கட்டும் பழைய சீரியல் விளக்கு மாதிரி, ஒன்று விட்டால் மற்றவையும் எரியாது. இதைப் பார்த்துத்தான் "எல்லாம் செத்துப்போயிற்று" என்று சொல்லிவிடுகிறார்கள்.

இப்போது சொல்லப்போவதை இரண்டு முறை படியுங்கள். இந்த வகை செட்டில் மின்மாற்றி கிடையாது. மெயின் ஒயரின் ஒரு முனை நேராகச் சேஸிஸில், அதாவது பாகங்களைத் தாங்கும் உலோகத் தகட்டில், ஏறுகிறது. இரண்டு கம்பிப் பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சேஸிஸ் முழுவதும் 230 வோல்ட் நிற்கும். குமிழைக் கழற்றினால் தெரியும் இரும்புத் தண்டும், குமிழுக்குள் இருக்கும் சின்னத் திருகும்கூட அதே 230தான். கூட்டுக்கு வெளியே எடுத்து வேலை செய்யும்போது, மெயினோடு நேர்த் தொடர்பை அறுக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மட்டுமே மின்சாரம் கொடுங்கள். அது இல்லையென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆற அமர வேலை பாருங்கள், மின்சாரம் இருக்கும்போது உள்ளே விரல் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டன்சரில் 200 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டன்ஸால் அதை வடித்துவிட்டு, மீட்டரில் பூஜ்யத்தைப் பார்த்த பிறகு கை வையுங்கள்.

மாற்ற வேண்டியவை. மெயின் ஒயர், இதில் பேச்சே இல்லை. மெயினுக்குக் குறுக்கே ஒரு தாள் கண்டன்சர் இருக்கும், அதை அறுத்து எறிந்துவிட்டு, மெயினுக்குக் குறுக்கே போடுவதற்கென்றே செய்த எக்ஸ் 2 வகை போடுங்கள். முதலில் வெடிப்பது அதுதான். அலுமினியக் குப்பிக்கு உள்ளே இரண்டு கண்டன்சர் உண்டு. பெரும்பாலும் 50, 50 மைக்ரோஃபாரட் என்று மேலேயே அச்சிட்டிருப்பார்கள். 450 வோல்ட்டில் 47 இரண்டு போதும். இரைச்சல் குறையும் என்று எவனாவது 220 போடச் சொன்னால் கேட்காதீர்கள், ஏசியை டிசியாக்கும் யுஒய் 85 தாங்காது.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு சின்னக் கண்டன்சர் இருக்கிறது. யுசிஎல் 82 என்பது ஒரே கண்ணாடிக்குள் இரண்டு வால்வு. முதல் பாதியின் பிளேட்டிலிருந்து (ஒலி வெளியேறும் முனை) இரண்டாம் பாதியின் கிரிட்டுக்கு (ஒலி நுழையும் முனை) போகும் கப்ளிங் கண்டன்சர், 0.01 அல்லது 0.022 மைக்ரோஃபாரட். சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். இது கசிந்தால் கிரிட்டில் பாசிட்டிவ் ஏறும், வால்வு அளவுக்கு மீறி இழுக்கும், கடைசியில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகும். பத்து ரூபாய்ப் பொருளை விட்டுவைத்து டிரான்ஸ்ஃபார்மரைச் சாகடித்தவர்கள் நிறையப் பேர். அதைக் கையால் மறுபடி சுற்றுவதற்கு இன்று ஆள் தேடவேண்டும். மீட்டரில் சோதித்துப் பார்க்கிறேன் என்று இறங்காதீர்கள். மீட்டரின் சின்ன பாட்டரிக்கு நல்லபிள்ளையாக இருக்கும், 150 வோல்ட்டுக்குத்தான் குணத்தைக் காட்டும். 630 வோல்ட் பாலியெஸ்டர் போட்டுவிடுங்கள்.

முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது தொடரில் 100 வாட் குண்டு பல்பு ஒன்றைக் கோத்துக்கொள்ளுங்கள். எல்இடி இதற்கு உதவாது. பல்பு பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால் நல்லது. மங்காமல் நின்றால் உள்ளே ஷார்ட், உடனே நிறுத்துங்கள். ஒன்று மறக்கவேண்டாம்: பல்பு ரேடியோவைத்தான் காப்பாற்றும், உங்களை அல்ல. சேஸிஸில் ஷாக் அப்படியேதான் இருக்கும்.

நிலையம் பற்றிக் கேட்டீர்கள். 1963இல் தொடங்கிய நம் திருநெல்வேலி வானொலியின் மத்திய அலை 1197 கிலோஹெர்ட்ஸ். உங்கள் டயலில் அலைநீளத்தை மீட்டர் கணக்கில் போட்டிருந்தால் 250க்குப் பக்கத்தில் தேடுங்கள். தூத்துக்குடியின் 1053, 285 மீட்டருக்கு அருகில் வரும். அது 200 கிலோவாட்டில் இலங்கை வரை போகிற நிலையம், கல்லிடைக்கு எம்மாத்திரம். தாமிரபரணிக்கரை சொல்கிற இரைச்சல் உண்மைதான். இருபது முப்பது அடி ஏரியல் கம்பியை வீட்டை விட்டு விலக்கி மரத்துக்கு மரம் கட்டினால் பெருமளவு குறையும். ஐப்பசியில் இடி முழங்கும்போது மட்டும் கம்பியைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள்.

தாமிரபரணிக்கரை:

அண்ணாச்சி இவ்வளவு எழுதிய பிறகு நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஒரு யோசனை மட்டும். பின்னால் இசைத்தட்டுக் கருவிக்கென்று பிக்கப் சாக்கெட் இருக்குமே, அதில் செல்போனை ஒயரால் இணைத்தால் போதாதா? ப்ளூடூத் போர்டும் வேண்டாம், எதையும் பிடுங்கவும் வேண்டாம்.

பத்தமடை டீச்சர்:

இந்தச் செட்டில் அதைச் செய்யாதீர்கள். மேலே சொன்ன சேஸிஸ் ஷாக் அந்தச் சாக்கெட் வழியாகவும் வெளியே வரும். நடுவே கண்டன்சர் வைத்துப் பிரித்திருந்தாலும் அதற்கும் அறுபது வயதுதான். செல்போனின் உலோக விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஈரத் தரையில் நிற்பவருக்கு என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பாலிடெக்னிக் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் இதைத்தான் கரடியாகக் கத்துகிறேன்.

பாட்டு வேண்டுமென்றால் தன் பாட்டரியிலேயே ஓடும் சின்ன ப்ளூடூத் ரிசீவரைக் கூட்டுக்குள்ளேயே வைத்து அந்தச் சாக்கெட்டில் இணையுங்கள். வெளியே ஒரு கம்பியும் வரக்கூடாது. சார்ஜ் செய்யும்போது ரேடியோவின் பிளக்கைப் பிடுங்கி, ரிசீவரைத் தனியே கழற்றி எடுத்துச் செய்யவேண்டும். இது தொல்லை என்று தோன்றினால் ரேடியோவை ரேடியோவாகவே கேளுங்கள்.

இன்னொன்று, டயல் நூல். அறுந்திருந்தால் கழற்றும் முன் அது எந்த உருளையை எத்தனை சுற்று சுற்றுகிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். தூண்டில் நரம்பு வழுக்கும். பின்னிய நூல்தான் பிடிக்கும்.

கல்லிடைக்காரன்:

அண்ணாச்சி, டீச்சர், நன்றி. நான்கு வால்வையும் பார்த்தேன். உச்சியில் வெள்ளி அப்படியே இருக்கிறது, 4க்கும் 5க்கும் நடுவே நான்குமே ஓம் காட்டுகின்றன. ஆனால் சுவிட்சைப் போட்டுவிட்டுப் பிளக்கின் இரண்டு முனைகளில் வைத்துப் பார்த்தால் மீட்டர் அசையவில்லை. பின்பக்கம் பீங்கான் குழாயில் கம்பி சுற்றிய நீளமான ஒன்று, நடுவில் கருகி விட்டுப்போயிருக்கிறது. மேலே எழுத்து அழிந்துவிட்டது. அதற்கு என்ன மதிப்பு போடுவது? அலுமினியக் குப்பியை எடுத்துவிட்டால் இடம் வெறிச்சென்று இருக்கும் என்றும் ஆச்சி கவலைப்படுகிறாள்.

ஈயப்பற்று:

பார்த்தீர்களா, வால்வு நான்கும் குற்றமற்றவை.

கருகியது டிராப்பர், ஹீட்டர்களுக்கு வேண்டாத வோல்ட்டைக் குறைக்கும் ரெசிஸ்டன்ஸ். மதிப்பைக் கணக்கிலேயே எடுத்துவிடலாம். ஹீட்டர்களுக்கு யுசிஎச் 81 19 வோல்ட், யுபிஎஃப் 89 19, யுசிஎல் 82 50, யுஒய் 85 38. கூட்டினால் 126. 230இல் மீதி 104 வோல்ட்டை 0.1 ஆம்பியரில் இந்த ஒற்றை ஆள் விழுங்கவேண்டும். 1040 ஓம் வருகிறது, வெப்பம் 10 வாட்டுக்குக் கொஞ்சம் மேல். கடையில் 1 கிலோ ஓம், 25 வாட் கம்பி சுற்றியது கேளுங்கள். 10 வாட் என்று எழுதியதை வாங்கினால் அது அடுப்பாகிவிடும். மரக்கூட்டையும் புதுக் கண்டன்சர்களையும் விட்டுத் தள்ளிப் பொருத்துங்கள். தொடரில் கறுப்பாகக் குச்சிபோல் ஒரு தெர்மிஸ்டர் இருந்தால் அது குளிர்ந்த நிலையில் அதிக ஓம் காட்டும். கெட்டுவிட்டது என்று அதை எடுத்துவிடாதீர்கள். அது இருந்தால் சொல்லுங்கள், டிராப்பரைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். குழாயின் நடுவில் வேறு கம்பி ஏதாவது இணைந்திருந்தாலும் படம் எடுத்து அனுப்புங்கள்.

குப்பியைக் கழற்ற வேண்டாம் என்று ஆச்சியிடம் சொல்லுங்கள். அது இருந்த இடத்திலேயே நிற்கட்டும், அதன் கம்பிகளை மட்டும் விடுவித்துப் புது 47 இரண்டையும் சேஸிஸுக்கு அடியில் வைத்துவிடலாம்.

ஸ்பீக்கர் கம்பியைக் கழற்றிவிட்டு மட்டும் செட்டை ஓடவிடாதீர்கள், அதுவும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆபத்து. என்னிடம் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த யுசிஎல் 82 இரண்டு டப்பாவோடு கிடக்கின்றன. தேவைப்பட்டால் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். ஆனால் கப்ளிங் கண்டன்சரை மாற்றியாயிற்று என்பதற்குப் படம் வந்த பிறகுதான் தருவேன்.