சல்லிவேரா, நுண்வேரா?

> 2 மி.மீ. விட்டத்துக்கு உட்பட்ட வேருக்குச் ‘சல்லிவேர்’ போதுமே, பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சொல்.

ஐயா, வணக்கம். ‘Fine root’ என்னும் ஆய்வுச்சொல்லுக்குத் தமிழ் தேடி நீங்கள் எழுதியதைப் படித்தேன்.

தெரிந்த சொல்லாக இருப்பதுதான் இடிக்கிறது. பாடநூலில் சல்லிவேர் ஆணிவேருக்கு எதிர்ச்சொல். அது வேர்த்தொகுப்பின் வகையைச் சொல்கிறது, பருமனை அல்ல. இந்தோனேசியாவில், சுமத்திராவின் ஜாம்பியில் மழைக்காடு, காட்டோடு கலந்த ரப்பர், தனி ரப்பர், செம்பனை நான்கின் வேர்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிடுகிறார்கள். (எண்ணெய்ப்பனையை மலேசியத் தோட்டத் தமிழ் ‘செம்பனை’ என்கிறது, எனக்கு அதுவே பிடிக்கிறது.) செம்பனைக்கு இருப்பது முழுக்கச் சல்லிவேர்த் தொகுப்பு. அடிமரத்திலிருந்து நேரே கிளம்பும் முதல்நிலை வேர் 6–10 மி.மீ. பருமன், அது கிளைத்துக் கிளைத்து வரும் நான்காம் நிலை 0.1–0.3 மி.மீ. ‘சல்லிவேர் நிறை’ என்று தலைப்பிட்டால் இரண்டில் எதை எடை போட்டார்கள் என்று வாசகர் திகைப்பார். நுண்வேர் என்றால் அந்தச் சிக்கல் இல்லை. வேரின் மேல் முளைக்கும் மயிரிழைக்கு வேர்த்தூவி என்று தனிச்சொல் இருப்பதால் அதனோடும் மோதாது.

அடுத்தது, ‘specific root length’ என்பதற்கான ‘தன் வேர்நீளம்’. தன்வெப்பம் (specific heat) என்ற சொல்லைப் பார்த்து அமைத்தது புரிகிறது. ஆனால் ‘மரத்தின் தன் வேர்நீளம்’ என்றதும் மரத்தின் சொந்த வேரின் நீளம் என்றே காதில் விழும். ‘நிறைவழி வேர்நீளம்’ என்கிறேன்: உலர்ந்த வேர் 1 கிராமுக்கு எத்தனை மீட்டர். திசு அடர்த்தி மாறாமல் விட்டம் இரட்டித்தால் இது நாலில் ஒன்றாகிவிடும். நீளத்தை எதால் வகுக்கிறோம் என்பது பெயரிலேயே இருந்தால் அளப்பவரும் கழுவலில் கவனமாக இருப்பார். 0.1 கிராம் வேர் 3 மீட்டர் நீண்டால் 30 மீ/கிராம்; ஜாம்பியின் களிமண் 0.02 கிராம் ஒட்டிக்கொண்டாலே 25 ஆகும். 0.5 மி.மீ. சல்லடையில் அலசி, நெகிழாமல் ஒடியும் செத்த வேரைப் பொறுக்கி, ஈரமாகவே ஸ்கேன் செய்து, பிறகு 60–70 செல்சியசில் எடை இனி மாறாது என்ற நிலை வரும் வரை உலர்த்தவேண்டும்.

> நுண்வேர், நிறைவழி வேர்நீளம்

உங்கள் மறுமொழி கண்டேன், ஐயா. இரண்டு சொல்லையும் ஏற்கிறேன். ஆனால் 2 மி.மீ. என்னும் கோடு நீர் உறிஞ்சும் வேரையும் அதைக் கடத்தும் வேரையும் ஒரே கூடையில் போடுகிறது. செம்பனையில் 0.7–1.2 மி.மீ. மூன்றாம் நிலையும் 0.1–0.3 மி.மீ. நான்காம் நிலையும் சேர்ந்தே விழும். ஆகவே உறிஞ்சு நுண்வேர், கடத்து நுண்வேர் என்று உட்பிரிவும் வேண்டும்.

மண்ணைத் துளைத்து வேர் மாதிரி எடுத்த இடத்துக்கும் பெயர் தேவை. அடிமரத்தைச் சுற்றிக் களை நீக்கி உரமிடும் வட்டம், வெட்டிய மட்டைகளை அடுக்கும் வரிசை, குலை சுமந்து நடந்து இறுகிய பாதை மூன்றிலும் வேர் ஒன்றுபோல் இராது. ‘உரவட்டம், மட்டைவரிசை, அறுவடைப்பாதை’ என்று முன்வைக்கிறேன். வட்டத்தில் மட்டும் துளைத்துவிட்டுத் தோட்டம் முழுதுக்கும் கணக்குச் சொன்னால் நுண்வேர் நிறை மிகையாகத் தெரியும்.