டிசம்பர் லீவுக்கு திருகோணமலை வாறாக்கள் ஒருக்கா வாசிச்சிட்டு வாங்க, உங்கட அனுபவத்தையும் போடுங்க

உப்புவெளியான்:

ஸ்கூல் லீவு விட்டாச்சு, நத்தார் வருது, கொழும்பு கண்டிப் பக்கம் இருந்து வேன் வேனா சனம் வரத் தொடங்கிட்டுது. வாறது சந்தோசம்தான், எங்கட ஊர்ல கனபேருக்கு அதுதான் வருமானம். ஆனா ஒவ்வொரு வருசமும் இந்த நேரம் எனக்கு வயித்தக் கலக்கும், காரணம் கடல். நீங்க போட்டோவுல பாக்குற அந்தக் குளம் மாதிரி நிக்கிற நீலக் கடல் மே மாசத்துல இருந்து செப்டம்பர் மட்டும் இருக்கிற கடல். அப்ப காத்து தென்மேற்கால வரும், கொந்தளிப்பெல்லாம் தென்மேற்குக் கரையில காலி, ஹிக்கடுவைப் பக்கம், எங்களுக்கு அமைதி. நவம்பர் பிறந்தா அப்படியே மாறும், வாடைக்காத்து நேரா எங்கட கரையில வந்து மோதும். லீவு விடுறது டிசம்பர்ல, கடல் மோசமா இருக்கிறதும் டிசம்பர்ல, இதுதான் பிரச்சினையே.

போன நத்தார் லீவுல நான் கண்ணால கண்டத சொல்றன். மாத்தளையில இருந்து வந்த ஒரு குடும்பம், சின்னப் பிள்ளையளும் இருந்தாங்க, தகப்பன் பாவம் நல்ல கவனமானவர், அலை உடையுற இடத்துல இறங்காம அலையே இல்லாத ஒரு துண்டு இடமாப் பாத்து இறங்கினவர். அந்த இடம்தான் பொல்லாத இடம் எண்டு வெளியூர் ஆக்களுக்கு எப்படித் தெரியும்? அலை கரைக்குக் கொண்டு வந்து குவிக்கிற தண்ணி திரும்பிப் போக ஒரு வழி வேணும், மண் திட்டுக்கு இடையில எங்க பள்ளம் இருக்கோ அதுக்குள்ளால அது வெளிய ஓடும், பள்ளம் எண்டதால அங்க அலை உடையாது, மேல பாத்தா சாதுவா இருக்கும், மண் கலங்கி நிறம் மட்டும் கொஞ்சம் வேறயா தெரியும். முழங்கால் அளவு தண்ணியில நிண்ட மூத்த பெடியன் அப்படியே வெளிய போயிட்டான். தகப்பன் பின்னால பாஞ்சார். அவரால நீந்த ஏலும், ஆனா கரையப் பாத்து இழுவைக்கு எதிரா நீந்துறார், எவ்வளவு அடிச்சாலும் நிண்ட இடத்துலதான் நிக்கிறார்.

வள்ளத்த மேல இழுத்து வச்சிட்டு வலை பொத்திக்கொண்டு இருந்த ஒரு ஐயா எழும்பி ஓடி வந்தார். வந்து முதல் செஞ்ச வேலை, தண்ணிக்குள்ள பாயப் போன பெடியன்ட மாமாவ கையில பிடிச்சு நிப்பாட்டினது. பிறகு பக்கத்துல கிடந்த வெறும் பிளாஸ்டிக் கானுக்கு மூடிய இறுக்கி, கயித்தக் கட்டி எறிஞ்சார், எறிஞ்சிட்டு "தம்பி கரைக்கு வராத, பக்கத்தால போ, நிலாவெளிப் பக்கமாப் போ" எண்டு தொண்டை கிழியக் கத்தினார். பெடியன் கானக் கட்டிப்பிடிச்சிட்டான். தகப்பன் பக்கத்தால கொஞ்சத் தூரம் நீந்தினதும் இழுவை விட்டுட்டுது, அங்க உடைஞ்ச அலையே அவர கரைக்குக் கொண்டு வந்து போட்டுது. ஆள் எழும்பி நிண்டு தனக்கு ஒண்டுமில்ல எண்டார், ஐயா விடல்ல, 1990 அம்புலன்ஸுக்கு அடிக்கச் சொன்னார். நுரையீரலுக்குள்ள தண்ணி போயிருந்தா பிறகும் மூச்சுத் திணறல் வரலாம். ஆஸ்பத்திரியில ராவு முழுக்க வச்சுப் பாத்துத்தான் விட்டாங்க.

இந்த இழுவை ஆளக் கீழ இழுக்காது, வெளியதான் கொண்டு போகும். பயந்து மல்லுக்கட்டிக் களைச்சுத்தான் ஆக்கள் தாழுறது. மல்லாக்க மிதந்து கையக் காட்டுங்க, ஏலுமெண்டா கரையோட சமாந்தரமா நீந்துங்க. காப்பாத்தப் போறாக்கள் வெறுங்கையோட பாயவே கூடாது.

கந்தளாய் ரோட்:

அண்ணன் சொன்னது முழுக்க உண்மை. நான் ரோட்டப் பத்திச் சொல்றன், வேன் ஓட்டுறது என்ட தொழில். ஹபரணை தாண்டினா கந்தளாய் மட்டும் யானை, ராவுல ஓடாதீங்க, ஓடினாலும் மெதுவா ஓடுங்க. கறுப்பு ரோட்டுல கறுப்பு யானை நிண்டா லைட் வெளிச்சத்துக்கு அதிண்ட கால் மட்டும்தான் தெரியும், அதையும் மரம் எண்டு நினைப்பீங்க. கண்டா தூரத்துலயே நிப்பாட்டி லைட்டக் குறைங்க, ஹோர்ன் அடிக்க வேணாம், பிளாஷ் போட்டு போட்டோ வேணாம், இறங்கவே வேணாம். வாழைப்பழம் குடுக்கிற ஆக்கள்ல எனக்கு சரியான கோவம் வரும், குடுத்துப் பழக்கின யானை அடுத்து வாற வாகனத்தையும் மறிச்சு ஜன்னலுக்குள்ள தும்பிக்கைய விடும், அதுக்குள்ள கைக்குழந்தையோட ஒரு தாய் இருப்பா.

மற்றது டிரைவர்ட நித்திரை. பகல் முழுக்க கண்டியில ஓடிட்டு ராவைக்கே திருகோணமலைக்கு விடச் சொல்லி சனம் கேக்குது, ஹோட்டல் காசு மிச்சமாம். விடியப்புறம் மூண்டு நாலு மணிக்கு எந்தக் கெட்டிக்காரனுக்கும் கண் சொருகும். முன் சீட்டுல ஒராள் முழிச்சிருந்து கதைச்சுக்கொண்டே வாங்க, டிரைவர் பதில் சொல்லாம விட்டா உடனே நிப்பாட்டச் சொல்லுங்க.

மூதூர் அக்கா:

போட் விசயம் ஒருத்தரும் சொல்லல்லயே. 2021 நவம்பர் 23 கிண்ணியா குறிஞ்சாக்கேணியில பள்ளிக்கூடம் போன பிள்ளையளோட படகு கவிண்டது எங்க எல்லாருக்கும் தெரியும், அது ஆழ்கடல் கூட இல்ல, களப்பு. அதுக்குப் பிறகு போட்ல ஏறுறதெண்டா நான் முதல் பாக்கிறது லைஃப் ஜாக்கெட்.

எங்கட தங்கச்சி குடும்பம் புறாத்தீவு போக வெளிக்கிட்ட நேரம் ஜாக்கெட் எல்லாருக்கும் குடுத்தாங்கதான், ஆனா மகளுக்குக் குடுத்தது பெரியாக்கள்ட சைஸ். நான் தோள்ப்பட்டையில பிடிச்சு மேல தூக்கிப் பாத்தன், அப்படியே காதுக்கு மேல வந்திட்டுது, தண்ணிக்குள்ள விழுந்தா பிள்ளை கீழால நழுவிப் போயிரும். சின்ன சைஸ் வரும் வரைக்கும் ஏற மாட்டம் எண்டு கரையிலயே நிண்டுட்டன். போட்காரருக்கு முகம் சுருங்கிச்சுத்தான், பிறகு பக்கத்துப் போட்ல வாங்கிக் குடுத்தார். நீங்களும் தூக்கிப் பாருங்க, வெக்கப்பட வேணாம். அது ஆகஸ்ட் மாசம். இந்த டிசம்பர்ல ஆரும் கூடக் காசுக்குக் கூட்டிக்கொண்டு போறன் எண்டா போகவே வேணாம், தீவு அடுத்த மே மாசமும் அங்கதான் இருக்கும்.

26ஆம் திகதி இங்க நிக்கிற ஆக்களுக்கு ஒரு சொல்லு. கடல் திடீரெண்டு உள்வாங்கி தரை தெரிஞ்சா வேடிக்கை பாக்கப் போகாம மேட்டுப் பக்கம் ஓடுங்க, 2004 டிசம்பர் 26 சுனாமியில பாக்கப் போனவங்க கனபேர் திரும்பி வரல்ல.

வவுனியா தம்பி:

நாங்க 27 வாறம், பிள்ளையள் கடல் கடல் எண்டு நிக்குதுகள். காலக் கூட நனைக்கக் கூடாதா அண்ணா?

உப்புவெளியான்:

வாங்க தம்பி, தாராளமா வாங்க. கோணேசர் கோயில், கோட்டைக்குள்ள மான், கன்னியா வெந்நீர் ஊத்து, பிள்ளையளுக்கு நல்லாப் பொழுது போகும். கோணேசர் கோயில் இருக்கிற சுவாமிமலையில வேலிக்கு அங்கால போய் செல்ஃபி எடுக்க விடாதீங்க, மழைக்குக் கல்லு வழுக்கும். கடற்கரைக்குப் போனா முதல் மீன்பிடி வள்ளங்களப் பாருங்க. எல்லாம் மேல இழுத்துக் கிடந்தா ஈர மண்ணுல விளையாடுறதோட நிப்பாட்டுங்க, கையப் பிடிச்சுக்கொண்டு. வள்ளம் போய் வருதெண்டா அங்க நிக்கிற ஆரும் ஒரு மீன்பிடிக்கிற ஐயாட்ட எந்த இடத்துல இறங்கலாம் எண்டு கேளுங்க, கையக் காட்டிச் சொல்லுவார். போன்ல 1990 அம்புலன்ஸ், 119 பொலிஸ், 117 அனர்த்த முகாமைத்துவம், மூண்டையும் வெளிக்கிட முதலே சேவ் பண்ணிருங்க. வந்து இறங்கினதும் இங்க ஒரு மெசேஜ் போடுங்க, அண்டைக்குக் கடல் எப்படி எண்டு பாத்துச் சொல்றன்.