நுளம்பு, ஒட்டுண்ணி பக்கம் மேல படிக்கலாமா?

வந்தாறுமூலைப் பொடியன்:
வணக்கம். நான் கிழக்குப் பல்கலையில விலங்கியல் கடைசி வருஷம். ஒட்டுண்ணி, அதக் காவித் திரியிற நுளம்பு, மணல் ஈ, இதுகள்லதான் எனக்கு விருப்பம், மேல படிக்கவும் யோசிக்கிறன், ஆனா அப்பா "மலேரியாவே நாட்டில இல்ல, நுளம்பப் படிச்சு என்ன கிழிக்கப்போறாய்" எண்டு நிக்கிறார். 2016ல டபிள்யூஎச்ஓ சேட்டிபிக்கட்டும் தந்துட்டுதானே. எங்க படிக்கலாம், பிரயோசனம் இருக்கா, தெரிஞ்சாக்கள் சொல்லுங்க.

கல்லடிக் காத்து:
தம்பி, போனது மலேரியாக் கிருமி, நுளம்பு எங்கயும் போகல்ல. இஞ்ச மலேரியாவக் காவின கியூலிசிபேசிஸ் நுளம்பு இன்னும் ஆத்து மணல் குழிகள்ல முட்டை போட்டுக்கொண்டுதான் இருக்கு, வெளிநாட்டில இருந்து காய்ச்சலோட ஒராள் வந்து இறங்கினாக் காணும். அதுக்குள்ள 2016 கடைசில மன்னார்ல ஸ்டெபென்சி எண்ட இன்னொரு மலேரியா நுளம்பு வேற பிடிபட்டது, அது கிணத்திலயும் தண்ணி டேங்கிலயும் பெருகிற சாமான், நம்மட பக்கம் வளவுக்கு வளவு கிணறு, யோசிச்சுப் பாருங்க.
இன்னொண்டு, எல்லாரும் பிசிஆர் பிசிஆர் எண்டு மரபணுச் சோதனைக்கு ஓடுறாங்க, அதப் பிறகு பழகலாம். முதல்ல குடம்பிய, அதான் தண்ணிக்குள்ள நெளியிற நுளம்புப் புழுவ, அள்ளி வெள்ளைக் கோப்பையில ஊத்திப் பாருங்க. மலேரியா காவுற அனோபிலிஸ் இனம் தண்ணி மட்டத்தோட படுத்துக் கிடக்கும், கியூலெக்ஸ் எண்ட மத்த இனம் தலைகீழாத் தொங்கும். கண் பழகினவனுக்குத்தான் பீல்ட்ல மதிப்பு. நான் படிக்கக்குள்ள ரெண்டு மாசம் அள்ளினதுக்கு ஒழுங்கா லேபிள் ஒட்டாம, எது வாகரை எது உன்னிச்சை எண்டு தெரியாம திரும்ப முதல்ல இருந்து செஞ்சனான், சேர்ட்ட வாங்கின ஏச்சு இன்னும் காதுக்குள்ள இருக்கு 😄

சம்மாந்துறை மச்சி:
மணல் ஈ விருப்பமெண்டா அதையே புடிங்க, ஆக்கள் குறைவு. நெல்லு மணில பாதியும் இல்ல, செட்டைய வி மாதிரி தூக்கி வெச்சிக்கி இரிக்கும். தண்ணில பெருகாது, ஈர மண்ணிலயும் சாணி குப்பையிலயும்தான், அதால டெங்குக்குச் செய்ற மாதிரி சிரட்டையக் கவுத்தா சரிவராது. மணல் ஈ காவுற லீஷ்மேனியா டோனோவானி எண்ட அதே ஒட்டுண்ணி இந்தியாவில ஈரல் மண்ணீரலப் பதம் பாக்குது, இஞ்ச பெரும்பாலும் தோல்ல புண்ணோட நிக்குது, ஏன் எண்டு தேடுறதே பெரிய ஆராய்ச்சி. கொழும்பு மெடிக்கல் பகல்ட்டி ஒட்டுண்ணியியல் துறைல இதச் செய்றாங்க. நுளம்புக்கு யாழ்ப்பாணம் விலங்கியல். பாண்டிச்சேரி விசிஆர்சி எண்ட நோய்காவி ஆராய்ச்சி நிலையத்தில பொதுச் சுகாதாரப் பூச்சியியலுக்கெண்டே எம்எஸ்சி இரிக்கி, செலவு விசா எல்லாம் விசாரிச்சிக்கங்க.

வந்தாறுமூலைப் பொடியன்:
பெரிய உதவி அண்ணாமார். பின்னேரமே கோப்பையோட கிணத்தடிக்குப் போனன், போன கிழமை பிஎச்ஐ (சுகாதாரப் பரிசோதகர்) வந்து குடுத்த குடம்பி தின்னிற மீன அப்பா உள்ள விட்டிருக்கார், ஒரு குடம்பி இல்ல. இனிப் பக்கத்து வளவுக்குத்தான் போகணும்.