மார்லோ-க்ரௌன் அளவுகோலின் 33 கூற்றுகளைச் சுருக்குவது எப்படி?

கேள்வி:
தன்னை நல்லவராகக் காட்டிக்கொள்ளும் பதில்களைக் கண்டறிய மார்லோ-க்ரௌன் அளவுகோலை என் வினாத்தாளோடு சேர்க்க வேண்டும். 33 கூற்றுகளும் வைத்தால் பதிலளிப்போர் சலித்துப்போவார்கள். மொத்த மதிப்பெண்ணோடு ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்து மாறும் அளவு) அதிகமுள்ள 10 கூற்றுகளை மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

பதில் 1:
வேண்டாம். ஒட்டுறவை மட்டும் பார்த்துப் பொறுக்கினால், ஒன்றையே வேறு சொற்களில் கேட்கும் கூற்றுகள்தான் மிஞ்சும். ஆல்ஃபா (கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதை வைத்துக் கணிக்கும் நம்பகத்தன்மை எண்) ஏறும், அளக்கும் பரப்பு சுருங்கும். மூலத்தில் 18 கூற்றுகளுக்குச் 'சரி' என்பதும் 15-க்குத் 'தவறு' என்பதும் மதிப்பெண் பெறும். ஒரு பக்கம் மட்டும் மிஞ்சினால், எதற்கும் 'சரி' போடுபவரையும் நல்ல பெயருக்காகப் போடுபவரையும் பிரிக்கவே முடியாது.

முதலில் இருப்பதைப் பாருங்கள். ஸ்ட்ராஹனும் ஜெர்பாசியும் 1972-இல் 10 கூற்று வடிவங்களைத் தந்தார்கள். ரெனால்ட்ஸ் 1982-இல் வெளியிட்ட 'சி' வடிவத்தில் 13 கூற்றுகள்: 5 சரி, 8 தவறு.

பதில் 2:
நம்பகத்தன்மை எவ்வளவு இறங்கும் என்பதை ஸ்பியர்மன்-பிரவுன் வாய்பாட்டில் முன்பே போட்டுப் பார்க்கலாம். 1960-இன் மூல வடிவத்துக்கு 0.88. 13 கூற்றுகளுக்கு 0.74 வரும், ரெனால்ட்ஸுக்குக் கிடைத்தது 0.76. 10 என்றால் 0.69. உங்கள் 10 கூற்றுகளுக்கு 0.85 வந்தால் மகிழாதீர்கள், ஒரே கூற்று இரண்டு மூன்று முறை உள்ளே இருக்கிறதா என்று தேடுங்கள்.

பதில் 3:
'சி' வடிவத்துக்கு முழு வடிவத்தோடு 0.93 ஒட்டுறவு என்று ரெனால்ட்ஸ் தந்ததையும் அப்படியே நம்பக் கூடாது. ஒருவர் ஒரே முறை தந்த அந்த 13 விடைகள் இரு பக்கமும் எண்ணப்படுகின்றன. பிழையும் சேர்ந்தே ஒத்துப்போகிறது. நீங்களே சுருக்குவதானால் பதிலளித்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் தேர்ந்தெடுத்து மறுபாதியில் சரிபாருங்கள். பிறகு குறுவடிவத்தைத் தனியாக, புதியவர்களிடம் கொடுங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

எந்தக் கூற்றுகள் ஒன்றாகக் குழு சேர்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வுக்கு, இரண்டே விடை உள்ள கூற்றுகளுக்கான டெட்ராகோரிக் ஒட்டுறவு தேவை. சரி/தவறு விடைகளுக்கு வழக்கமான பியர்சன் ஒட்டுறவைப் போட்டால், பொருளால் அல்லாமல் எத்தனை பேர் 'சரி' என்றார்கள் என்பதாலேயே கூற்றுகள் குழு சேரும். ஏறக்குறைய எல்லோரும் ஒரே விடை தரும் கூற்றுகளை முதலில் கழியுங்கள். காரைச் சோதிக்காமல் நெடும்பயணம் போவதில்லை என்பது மாதிரி, கார் இல்லாதவரிடம் எதையும் அளக்காத கூற்றுகளும் அப்போதே போகட்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் 'சி' வடிவத்தையே எடுக்கிறேன்.

பதில் 2:
எடுங்கள். ரெனால்ட்ஸின் 0.76-ஐ மேற்கோள் காட்டுவதோடு நிறுத்தாமல் உங்கள் தரவில் கே.ஆர்-20 (சரி/தவறு விடைகளுக்கான நம்பகத்தன்மை எண்) கணக்கிட்டு அதையே எழுதுங்கள்.