ஆர்டிபி (அவங்கவங்க மெஷின்ல இருந்தே சர்வருக்குள்ள லாகின் பண்ணி வேல செய்யற வழி) சர்வர்ல டேட்டாபேஸ் அப்ளிகேஷன் ஸ்லோ, உங்களுக்கு நடந்தத சொல்லுங்க

திருப்பூர்_சிஸ்டம்ஸ்:
ஆளுங்க பாக்கற ஸ்கிரீன், அதாவது ஃப்ரண்ட் எண்டு, மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ், பின்னாடி டேட்டா இருக்கறது எஸ்க்யூஎல் சர்வர்ல, எல்லாரும் ஆர்டிபில தான் உள்ள வர்றாங்க. பில் பிரிவியூ அழுத்திட்டு டீ குடிச்சிட்டு வந்துரலாம், அவ்ளோ ஸ்லோ. ஓனர் நெட்ட மாத்துன்னு ஒரே பிடி. சிபியு சும்மா கிடக்கு, ராம் பாதி காலி, அதே குவெரிய எஸ்க்யூஎல் சர்வரோட டூல் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோல ஓட்டுனா உடனே வருது. குடோன் அக்காவுக்கு மட்டும் காலைல ஸ்லோவாகி அழும், மதியத்துக்கு மேல சரியாயிடும். ஒருநா போன்ல பேசிட்டு இருக்கும்போதே "இரு தம்பி, பிரிண்டர இப்பதான் ஆன் பண்றேன்"னாங்க, அந்தப் பக்கம் பிரிண்டர் கர்ர்னு சுத்துற சத்தம் கேக்குது, "ஆங், பிரிவியூ வந்துருச்சு"ங்கறாங்க! அவங்க டிஃபால்ட் பிரிண்டர் ஒரு நெட்வொர்க் பிரிண்டர். ரிப்போர்ட்ட போடுறதுக்கு முன்னாடி ஆக்சஸ் பேப்பர் சைஸ், மார்ஜின் எல்லாம் அந்த டிரைவர்கிட்ட கேக்கும், பிரிண்டர் ஆஃப்ல இருந்தா டைம் அவுட் ஆகற வரைக்கும் நிக்கும். சர்வர்ல இருக்கற பிடிஎஃப் பிரிண்டர டிஃபால்ட்டா வெச்சேன், முடிஞ்சுது. ஓனர் இன்னும் நெட்டு பிளான் மாத்துனதாலன்னுதான் சொல்லிட்டு திரியறார்.

டிபிஏ_மாமா:
அதுக்காக எல்லாத்துக்கும் பிரிண்டர்னு கிளம்பிடாதீங்க பாஸ். எங்களுது எஸ்க்யூஎல் சர்வரும் ஜனங்க லாகின் பண்றதும் ஒரே மெஷின். எஸ்க்யூஎல் எவ்ளோ ராம் எடுக்கலாம்ங்கற மேக்ஸ் சர்வர் மெமரி செட்டிங்க எவனும் தொடல, இன்ஸ்டால் பண்ணப்ப இருந்த 2147483647 எம்பி அப்படியே, அதாவது இருக்கறதெல்லாம் எனக்குன்னு. காலைல ஆளாளுக்கு எக்செல், குரோம்னு தொறக்க தொறக்க ராம் பத்தாம டிஸ்க்ல இருக்கற பேஜ் ஃபைல்ல போய் விழுது. கடுப்பு என்னன்னா டாஸ்க் மேனேஜர் யூசர்ஸ் டேப்ல, வேலைய விட்டே போன ஒருத்தர் செஷன் டிஸ்கனெக்டட்னு ஜம்முனு ஓடிட்டு இருக்கு, அவர் பேருக்கு கீழ வரிசையா குரோம். எஸ்க்யூஎல்லுக்கு வரம்பு போட்டு, டிஸ்கனெக்ட் ஆன செஷன் தானா லாக் ஆஃப் ஆகற மாதிரி வெச்சதுக்கப்பறம் தான் நிம்மதி.

ராத்திரி_டூட்டி:
எனக்கும் ஈரோட்ல ஒரு மில்லுல இதே கத, டிஸ்க் தான் காரணம், அத விடுங்க. யாரா இருந்தாலும் ராம் வாங்க ஓடறதுக்கு முன்னாடி ரிசோர்ஸ் மானிட்டர்ல டிஸ்க் டேப்ப தொறங்க, ரெஸ்பான்ஸ் டைம் 20 மில்லிசெகண்ட தாண்டியே நின்னா வேற எங்கயும் தேட வேண்டாம். பவர் பிளான் பேலன்ஸ்டுல இருந்தா ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாத்துங்க, இதையெல்லாம் யாரும் பாக்கறதே இல்ல. உங்க எஸ்க்யூஎல் சர்வர் இலவச எக்ஸ்பிரஸ் எடிஷனான்னு பாருங்க, 2019, 2022ல ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி, பஃபர் பூல் (டேட்டாவ ராம்ல வெச்சுக்கற இடம்) 1410 எம்பி, அதுக்கு மேல நீங்க 64 ஜிபி ராம் போட்டாலும் அது திரும்பிப் பாக்காது. ஆக்சஸ்காரங்க ஒரே ஃப்ரண்ட் எண்டு ஃபைல எல்லாரும் தொறக்காம ஆளுக்கொரு காப்பி குடுங்க. எம்டிஎஃப், எல்டிஎஃப்னு இருக்கற டேட்டாபேஸ் ஃபைலயெல்லாம் ஆன்டிவைரஸ் ஸ்கேன் பண்ணாம எக்ஸ்க்ளூட் பண்ணுங்க.

சேலம்_அட்மின்:
கேட்டது அனுபவம், நீங்க கிளாஸ் எடுக்கறீங்க. உங்க பேச்ச கேட்டு எவனாவது ட்ரைவையே எக்ஸ்க்ளூட் பண்ணி ரான்சம்வேர் வாங்கப் போறான். எங்க எடத்துல மதியம் மட்டும் ஸ்கிரீன் அப்படியே உறையும், லேட்டா சாப்பிடற ரெண்டு பேர் மட்டும் தான் சொல்லுவாங்க, ஒருத்தரும் நம்பல. எஸ்க்யூஎல் எரர் லாக்க தொறந்தா அதே நேரத்துக்கு ஐஓ ஃப்ரோசன்னு, அதாவது டிஸ்க்ல எழுதறத நிறுத்தி வெச்சிருக்குன்னு, தினமும் ஒரு வரி, கீழயே யூசர் எதுவும் பண்ண வேண்டியதில்லன்னு வேற போட்டிருக்கு. எல்லாரும் சாப்பிடப் போயிருப்பாங்கன்னு எவரோ பேக்கப் ஸ்னாப்ஷாட்ட (அந்த நிமிஷத்து டேட்டாவ அப்படியே புடிச்சு வெக்கறது) அந்த நேரத்துக்கு வெச்சிருக்கார். ராத்திரிக்கு தள்ளியாச்சு.

ராத்திரி_டூட்டி:
ட்ரைவ்னு நான் எங்க சொன்னேன், ஃபைல்னு தான இருக்கு, மேல போய் படிங்க. ஸ்னாப்ஷாட்ட ராத்திரிக்கு தள்ளுனீங்களே, அப்போ தான் டேட்டாபேஸோட இன்டெக்ஸயெல்லாம் புதுசா கட்டற இன்டெக்ஸ் ரீபில்ட் வேலையும் ஓடுதான்னு பாத்தீங்களா?